இறக்கை முளைத்த உப்புமூட்டை

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். நாங்களும் நலம் என்று எழுதத்தான் பழகிய கை போகிறது, ஆனால் அதை எழுதிவிட்டால் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது, அதனால் இருக்கிறோம், நடமாடுகிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். போன் இருக்கும்போது இது என்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். நம் வீட்டில் இப்போது போன் என்றால் நாலு பேருக்குக் கேட்கிற போன், உன் அப்பா அதை எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுகிறார், நீ அனுப்புகிற மெசேஜைக்கூட உள்ளே இருக்கிற ஒரு பெண் குரல் இழுத்து இழுத்து வாசித்துக் காட்டுகிறது. அந்தக் குரலுக்கு உன் செல்லப்பெயரைச் சொல்ல வராது, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி சொல்லும், அதற்கே அவர் ஒவ்வொரு முறையும் சிரிப்பார். ஆக அவருக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமானால் மிச்சம் இருக்கிற ஒரே வழி காகிதம்தான். அதையும் வீட்டில் வைத்து எழுத முடியாது, பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்டு யாருக்கு எழுதுகிறாய் என்பார். அதனால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கால் மடித்துத் தைக்க வந்த பேன்ட்டுகள் பக்கத்தில் குவிந்து கிடக்கின்றன, முதலாளியம்மா சாப்பிடப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் தையல் மெஷினுக்கு அடியில் ஒளித்துவைத்து நாளைக்குத் தொடர வேண்டியதுதான்.

முதலில் அவர் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ நினைத்துக்கொண்டிருப்பதைவிட மோசம். கண் அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, சொட்டு மருந்து போடுகிறார், பெரிய எழுத்தாக இருந்தால் படிக்கிறார் என்றெல்லாம் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தோம் இல்லையா, அதெல்லாம் பழைய கதை. இப்போது வலது கண்ணில் ஒன்றுமே இல்லை, இடது கண்ணில் ஓரமாக வெளிச்சம் தெரிகிறது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லுவார், ஜன்னலில் நிற்பது யார் என்று சொல்ல முடியாது. போனது போனதுதான், மருந்து இருக்கிறதைக் காப்பாற்றத்தான் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை, பிள்ளை வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடும் என்கிறார். நீ வீடியோ காலில் வரும்போது அவர் நேராக உன்னைப் பார்த்துப் பேசுகிறாரே, அது எப்படி என்று கேள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, போன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து முழங்காலில் விரலால் தட்டுவேன், அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார். எடுத்த எடுப்பில் ‘இளைச்சிட்டியே’ என்கிறாரே, அது உன்னைப் பார்த்துச் சொல்வது இல்லை. எந்த அப்பா சொன்னாலும் பொருந்துகிற பேச்சு என்று அவரே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். சட்டைகளுக்கு உள்பக்கம் நான் ஒரு பொத்தான் தைத்திருக்கிறேன், தட்டைப் பொத்தான் என்றால் நீலம், குமிழ்ப் பொத்தான் என்றால் வெள்ளை, பொத்தானே இல்லை என்றால் வீட்டில் போடுவது. இத்தனை வருஷம் ஊரில் இருப்பவர்களின் துணியையெல்லாம் தைத்ததற்கு அது ஒன்றுதான் உருப்படியான தையல் என்று தோன்றுகிறது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன், அந்தப் பிராணி பிடிக்கிற கேம். நீ சிரிக்காதே, இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். இந்தக் குடியிருப்புக்கு நாம் புதிதாக வந்தபோது நீ யாரோடும் பேச மாட்டாய், பள்ளிவிட்டு வந்தால் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் கேமையே தட்டிக்கொண்டிருப்பாய். புல்லுக்குள் போவது, ஏதாவது ஒரு ஜந்து குதிப்பது, அதைப் பிடித்து அடைப்பது, பிடித்ததை வளர்ப்பது, எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை புரிந்ததில்லை. முதுகில் மூட்டை சுமந்துகொண்டு குனிந்தே நடக்கிற ஒன்று அதில் இருந்தது, உன் அப்பா அதற்கு உப்புமூட்டை என்று பெயர் வைத்தார். அது தலைகீழாக நின்றாலும் வளராது, இன்னொருவரோடு மாற்றிக்கொண்டால்தான் வளரும் என்று நீ ஒருநாள் தேம்பித் தேம்பி அழுதாய். மாற்றிக்கொள்ள உனக்கு ஆள் இல்லை. லிஃப்ட் கம்பெனியில் இருந்து கிரீஸ் கையோடு வந்த மனிதர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுநாள் இன்னொரு கேம் செட்டையும், உன்னிடம் இல்லாத பிராணிகள் இருக்கிற இன்னொரு கேசட்டையும் வாங்கிக்கொண்டு வந்து உன் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்தார். உனக்கு ஆளாக இருப்பதற்காகத்தான் அவர் அதைக் கற்றுக்கொண்டார், வேறு எதற்கும் இல்லை. நீ பெரியவளாகி, பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து, கடல் தாண்டிப் போன பிறகும் அவர் விடவில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பெனிக்காரர்கள் புதுசாக ஒன்றை விடுவார்கள், புதுப் பிராணிகள், புது ஊர், புதுக் கேம் செட்டு, நீ ஒன்று வாங்குவாய், அவர் அதற்கு ஜோடியை வாங்குவார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் நீ அங்கிருந்தும் அவர் இங்கிருந்தும் கேமுக்குள் இருக்கிற அந்த மாற்றுகிற அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வீர்கள். என் வயிற்றெரிச்சல் என்னவென்றால் என்னோடு சினிமாவுக்கு வரச் சொன்னால் முட்டிவலி என்பார், இந்தப் பிராணிக்குப் பின்னால் மலை மலையாக ஏறுவார்.

போன வருஷம் வந்த புதுசையும் நீ ஒன்று வாங்கினாய், அவரும் விடவில்லை. கண் போகிறது என்று தெரிந்துதான் வாங்கினார், கண் போவதற்குள் எல்லாவற்றையும் பிடித்துவிட வேண்டும் என்று அவசரம். மூக்கில் ஒட்டாத குறையாகக் கேம் செட்டைப் பிடித்துக்கொண்டு ஆடினார், பிறகு பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஆடினார், பிறகு ஒருநாள் அதை என் மடியில் வைத்துவிட்டு, இந்தக் கேமில் எல்லாமே எழுத்தாக இருக்கிறது, ஒருவனும் வாய் திறந்து பேசுவதில்லை, நீ வாசித்துச் சொல் என்றார். அப்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்கக்கூடாது. அதிலிருந்து நான்தான் கண், அவர்தான் கை. நான் வாசிப்பேன், இடது பக்கம் ஒரு வீடு, எதிரில் ஒரு கிழவர் நிற்கிறார், குளம், புல், குளம் என்று பஸ் கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே வருவேன், அவர் அமுக்குவார். பெயர்களை வாசிக்கும்போது நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அதனால் நானே பெயர் வைத்துவிட்டேன், மூக்கன், தொப்பைக்காரி, ஈரத்துணி, இப்படி. அவரும் அந்தப் பெயரிலேயே கூப்பிடப் பழகிவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்த நாட்கள் அவ்வளவு மோசம் இல்லை, சாயங்காலம் கடைவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார எனக்கும் ஒரு சாக்கு கிடைத்தது.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன் சுண்டு. கண் இருந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிற அறைக்கு அவரே போவார், நான் அடுப்படியில் இருப்பேன். நான் வாசிக்க வந்த பிறகு முதல் ஞாயிறு அந்த அறைக்குள் போனோம். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அதில் அவருடைய பொம்மை, தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, காலி. காத்திருக்கவும் என்று கீழே எழுத்து ஓடுகிறது. வந்துட்டாளா என்றார். இன்னும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார், இல்லை என்றேன். ஷிஃப்ட் மாறியிருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் அந்தக் கேம் செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார், அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வாய் கூசாமல், இதோ வந்துட்டா என்றேன். அவ்வளவுதான், ஒருமுறை சொன்ன பிறகு நிறுத்த வழி தெரியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நீ வந்தாய். மூன்று வால் உள்ள ஒன்றைக் கொடுத்தாய், மூக்கனை வாங்கிக்கொண்டாய், கை அசைத்துவிட்டுப் போனாய். இவ்வளவும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நான் அள்ளிவிட்டது. நடுவில் ஒருநாள் அந்த மூன்று வாலை முன்னால் நிறுத்து, கூட்டிக்கொண்டு நடக்கலாம் என்றார், இல்லாததை எங்கே போய் நிறுத்துவது. தொப்பைக்காரியை நிறுத்திவிட்டு மூன்று வால்தான் என்றேன். சண்டையில் இறங்கும்போது அது வழக்கம்போல ஒரு சத்தம் போட்டது. அவர் தலையை லேசாக ஆட்டிவிட்டுச் சரி என்றார். நீ போனில் பேசும்போது கேம் பக்கம் பேச்சு திரும்பினால் நான் பாய்ந்து வந்து பால் பொங்குகிறது, கதவைத் தட்டுகிறார்கள் என்று எதையாவது சொல்லி வைத்துவிடுவேன், நீகூட அம்மாவுக்கு என்ன அவசரம் என்று நினைத்திருப்பாய். நீயும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அவர் எடுக்காதது என் நல்ல நேரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உப்புமூட்டை வந்து மாட்டியது. இந்தப் புதுசிலும் அந்த ஜந்து இருக்கிறது, அவரும் நானும் ஒரு சேற்றங்கரையில் அதைப் பிடித்தோம், அதை உன்னோடு மாற்றி வாங்கினால் வளர்ந்துவிடும் என்று அவருக்கு ஒரே பரபரப்பு. ஞாயிறு வந்தது, நானும் உன்னை வரவழைத்தேன், கொடுத்தாயிற்று, வாங்கியாயிற்று, வளர்ந்துவிட்டது என்றேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். சின்ன வயதில் நீங்கள் இருவரும் படிக்கட்டில் குதித்துக் கும்மாளம் போட்டது நினைவிருக்கிறதே தவிர அது வளர்ந்து என்ன ஆனது என்று நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. மூட்டை என்றால் உள்ளே ஏதாவது இருக்கும்தானே என்று நினைத்து, மூட்டை பிரிந்து இரண்டு இறக்கை வந்திருக்கிறது என்று ஆரம்பித்தேன். என்ன நிறம் என்றார். வெளியே சாம்பல், உள்பக்கம் லைனிங் மாதிரி வெளிர் மஞ்சள், ஓரத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கிறது, பறக்க முயற்சி பண்ணுகிறது, இன்னும் பழகவில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒரு துணியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னேன், எனக்கு வேறு எப்படிச் சொல்ல வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, நான் செய்தது சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

போன வாரம் முதலாளியம்மா வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது எடைக்கல் மாமா வந்திருந்தார். உனக்கு நினைவிருக்கும், அப்பாவோடு லிஃப்ட் கம்பெனியில் இருந்தவர், கனத்த உடம்பு, லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்குகிற எடைக்கல் மாதிரி அப்பா மேலே போனால் அவர் கீழே வருவார் என்று கேலி செய்வார்களே, அவரேதான். அவர் ஓயாமல் பேசுகிற பேச்சில் நான் கதவைத் திறந்தது இருவருக்கும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், பொண்ணு இன்னும் அந்த கேம் ஆடுதா என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. உன் அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவ வந்தா ஒரு மணி அடிக்கும்டா. டிங்குன்னு, நல்லாக் கேக்கும். இத்தன நாள்ல ஒரு தடவகூட அடிக்கல. இவதான் வந்துட்டா வந்துட்டான்னு சொல்லிட்டிருக்கா. பொண்ணு வரலங்கிறத அவளால தாங்க முடியல போல. நானும் சரி சரின்னு பட்டன அமுக்கிட்டு உக்காந்திருக்கேன்.” எடைக்கல் மாமா டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு இவரே சிரித்துக்கொண்டு சொன்னார், “உப்புமூட்டைக்கு எறக்க வெச்சுட்டாடா. அது வளந்தா மூட்டைய எறக்கி வெச்சிட்டு நிமிந்து நிக்கும், அவ்வளவுதான், எறக்கையும் கிடையாது ஒண்ணும் கிடையாது. ஆனா அவ சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. இப்பல்லாம் நெனச்சா எனக்கே எறக்கையோடதான் வருது.”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பப் படியிறங்கிக் கீழே போய்விட்டேன். தபால்பெட்டிகள் இருக்கிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதேன், மேல்வீட்டுக்காரர் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார், தும்மல் என்று சொன்னேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவரை ஏமாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, அவர் எனக்காக ஏமாந்துகொண்டிருந்திருக்கிறார். லிஃப்ட் கதவு மூடுகிற சத்தத்தை வைத்து எந்தச் சக்கரத்தில் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற காது, அதற்கு ஒரு மணி அடித்ததா இல்லையா என்று தெரியாமல் போகுமா, எனக்கு ஏன் இது உறைக்கவில்லை. மறுநாள் கேம் செட்டைத் துணிப்பைக்குள் போட்டு, சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லிக் கடைக்கு எடுத்து வந்து, எல்லாரும் சாப்பிடும்போது காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜந்தாகத் திறந்து கேட்டேன். இதுவரை எனக்கு எல்லாமே ஒரே கீச்சுதான். இப்போதுதான் தெரிகிறது, மூக்கன் எண்ணெய் இல்லாத கீல் மாதிரி கத்துகிறான், ஈரத்துணி பிழிந்த மாதிரி ஒரு சத்தம் போடுகிறது, தொப்பைக்காரிக்கு அடிவயிற்றில் இருந்து வருகிறது. உப்புமூட்டை கத்துவதே இல்லை, மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏறிவந்த மனிதர் மாதிரி ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். வளர்ந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகும் அது அதே பெருமூச்சைத்தான் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டேதான் அவர் இறக்கை எப்படி இருக்கிறது, நன்றாகப் பறக்கிறதா என்று என்னைக் கேட்டிருக்கிறார். நேற்று ஞாயிறு. நாங்கள் இருவரும் வழக்கம்போல உட்கார்ந்தோம். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. என்னால் வந்துட்டா என்று சொல்லவும் முடியவில்லை, வரவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அவர் கொஞ்ச நேரம் தனியாக அந்த அறையில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு அணைத்துவிட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு புளுகு. கோபம் இருந்தது. பிறந்த வீட்டை இவ்வளவு சுலபமாக மறந்துவிட்டாளே என்று ஊசி குத்திக் குத்தி உன்னைத் திட்டியிருக்கிறேன். ஆனால் உனக்கு அவர் கண் இந்த நிலைமையில் இருக்கிறது என்று தெரியாது, நாங்கள்தான் மறைத்தோம். அவர் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருப்பார், நாம் போனால் என்ன போகாவிட்டால் என்ன என்று நீ நினைத்திருக்கலாம். ஒரு வாரம் விட்டுப்போய், அடுத்த வாரம் போக வெட்கப்பட்டு, அப்படியே தள்ளிப்போயிருக்கலாம். ரத்தமும் குப்பியுமாக நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற பெண்ணுக்கு பொம்மை ஜந்தை மாற்றிக்கொள்ள எங்கே தெம்பு இருக்கும் என்றும் யோசிக்கிறேன். இது உனக்கு வயது போன விளையாட்டாக இருக்கலாம், அதில் தப்பு இல்லை. ஆனால் அவருக்கு இப்போது உலகத்தில் மாற்றிக்கொள்ள ஆள் இல்லை சுண்டு. அன்றைக்குப் படிக்கட்டில் நீ இருந்த இடத்தில் இன்றைக்கு அவர் உட்கார்ந்திருக்கிறார். வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று நான் சொல்லவில்லை, விடுமுறை கிடைக்கும்போது வந்தால் போதும். ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறாவது அந்த நாற்காலியில் வந்து உட்கார்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன், கவனமாகப் படி. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிறு, உனக்குக் காலை, எங்களுக்குப் பொழுது சாய்கிற நேரம், வழக்கமான நேரம்தான். அது எந்த ஞாயிறு என்று எனக்குத் தெரியாது, அதனால் இனி ஒவ்வொரு ஞாயிறும் நான் அவரைக் கொண்டுபோய் அந்த அறைக்குள் உட்காரவைத்து, உப்புமூட்டையை முதல் இடத்தில் வைத்து, விரலைச் சரியான பட்டனில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். வேறு எதையும் அமுக்க வேண்டியது இல்லை, அதையே அமுக்கினால் போதும் என்று சொல்லிவைப்பேன். நீ எதையாவது கொடு, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, அவருடையதை வாங்கிக்கொள், பிறகு உடனே திருப்பிக் கொடு. உன் கைக்கு வந்ததும் அது வளர்ந்துவிடும் என்று அந்தக் காலத்தில் நீதான் சொன்னாய். திரும்பி வந்ததும் அது ஒரு குரல் கொடுக்குமாம், வளர்ந்த பிறகு அதற்கு மூச்சு வாங்காதாம், நீளமாக ஒரு விசில் மாதிரி இருக்கும் என்று, உன் சின்ன வயது கேமைப் பற்றிப் போன வாரம் நான் எதேச்சையாகக் கேட்கிற மாதிரி கேட்டபோது சொன்னார். நான் சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்திருப்பேன். இந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் மூச்சு விடாதே. கண்ணைப் பற்றித் தெரிந்த மாதிரியும் காட்டிக்கொள்ளாதே, அவர் சொல்லும்போது சொல்லட்டும். மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று போனில் அழுது வைக்காதே, இங்கே எல்லாம் ஸ்பீக்கர். உன்னால் வர முடியாது என்றால் எனக்குச் சாக்கு எழுத வேண்டாம், அவரிடமே வாய் திறந்து சொல்லிவிடு, வராதவளை வரவழைக்க என்னிடம் இனிமேல் தெம்பு இல்லை.

மற்றபடி இங்கே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. கடை இருக்கிற கீழ்த்தளத்தில் தண்ணீர் கசிகிறது, முதலாளியம்மா வேறு இடம் பார்க்கிறார், கிடைத்தால் நானும் போவேன், கிடைக்காவிட்டால் வீட்டிலேயே மெஷின் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், அவரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா. நீ வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாய், நன்றாகத்தான் இருக்கிறது, நான் அவரிடம் சொல்லவில்லை, இடுப்பு வரைக்கும் பின்னல் போட்ட சுண்டுதான் அவர் நினைவில் இருக்கிறாள், இருக்கட்டும். கண் பரிசோதனை ஒன்று நீயும் செய்துகொள், இது அப்பாவிடம் இருந்து பிள்ளைக்கு வரக்கூடியது என்று டாக்டர் சொன்னார், தள்ளிப்போடாதே, இது ஒன்றையாவது நான் சொன்னபடி கேள். நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், கண் நிறைய வெளிச்சத்தோடு, பேசச் சிரிக்க ஆள் துணையோடு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வயிறு குளிர வாழ்த்துகிறேன், அப்பாவுடைய வாழ்த்தையும் சேர்த்தே எழுதுகிறேன், அவரைக் கேட்டால் அவரும் இதைத்தான் சொல்வார். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. அன்றைக்கு நான் அவர் பக்கத்தில் இருக்க மாட்டேன், அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, எதுவும் கேட்காதபடி நிற்பேன். மணி அடித்தால் அவருக்கு மட்டும் கேட்கட்டும். இத்தனை ஞாயிறாக நான் அவரிடம் சொன்னதை, ஒருநாள் அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து என்னிடம் சொல்லட்டும், அவள் வந்துவிட்டாள் என்று.

இப்படிக்கு,
உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா